வால்டாக்ஸ் ரோடு டிராமா செட் பட்டறை: துப்பறியும் நாவலை ஊர் ஊராகக் கொண்டுபோகிறவர்களுக்கு

நாவலை நாடகமாக்கிக்கொண்டிருக்கும் யாராவது இதைப் படித்தால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்கிரிப்ட் முடிந்த பிறகு செட்காரரிடம் போகாதீர்கள், பாதி எழுதும்போதே போங்கள். நான் எல்லாவற்றையும் எழுதி முடித்து ஸ்பைரல் பைண்டிங் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். அன்றைக்கே பதினோரு காட்சிகளைத் திரும்ப எழுத வேண்டி வந்தது. அப்படித் திருத்தி எழுதியதைத்தான் இப்போது வண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர், பெரம்பூர், காஞ்சிபுரம், வேலூர், விழுப்புரம், புதுச்சேரி என்று ஏழு இடங்களில் போட்டு முடித்திருக்கிறோம்.

பட்டறைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. சென்ட்ரலில் இறங்கி வால்டாக்ஸ் ரோட்டில் பேசின் பிரிட்ஜ் பக்கமாக நடந்தால் மரக்கடைகளும் பிளைவுட் கடைகளும் வரிசையாக வரும், அங்கே ஒரு சந்துக்குள் இருக்கிறது. வாசலில் தங்க பெயிண்ட் உதிர்ந்த அரண்மனைத் தூண் ஒன்று சாய்ந்து நிற்கும், அதுதான் அடையாளம். "டிராமா மேஸ்திரி" என்று கேட்டால் டீக்கடையிலேயே கை காட்டிவிடுவார்கள். எழுபது வயதுப் பெரியவர், அவருடைய மகன், இரண்டு பையன்கள், அவ்வளவுதான் ஆட்கள். செட் செய்து தருவார்கள், வாடகைக்கும் தருவார்கள். லைட்டும் அவர்களிடமே இருக்கிறது.

நாங்கள் எடுத்துக்கொண்டது மாத நாவலாக வந்து, பஸ் ஸ்டாண்ட் கடைகளில் தொங்கவிட்டு விற்ற ஒரு கொலைக் கதை. என் அம்மா வைத்திருந்த பிரதியில் அட்டையே இல்லை, எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்கு அது போய்வந்திருக்கிறது. எழுத்தாளரிடம் முறையாக அனுமதி வாங்கித்தான் செய்கிறோம். நாவலின் பெயரை இங்கே எழுதவில்லை, ஏனென்றால் செட்டைப் பற்றிச் சொல்லும்போது கொலையாளியை எப்படி மறைத்தோம் என்பதையும் சொல்லியாக வேண்டும். இன்னும் நாடகம் பார்க்காதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

இந்த மாதிரிக் கதையில் உள்ள பெரிய சிக்கல் ஒத்திகைவரை எனக்குப் புரியவே இல்லை. நாவலில் "அந்த உருவம் மெல்லக் கதவைத் தள்ளியது" என்று ஒரு வரி போட்டால் போதும். ஆணா பெண்ணா, குட்டையா நெட்டையா, எதுவும் சொல்ல வேண்டாம், படிக்கிறவர் பயந்துகொண்டே பக்கத்தைத் திருப்புவார். மேடையில் அந்த உருவத்துக்கு ஒரு ஆள் தேவை. ஆள் என்றால் அவனுக்கு ஒரு நடை உண்டு, தோள் உண்டு, காலை வைக்கும் விதம் உண்டு. போர்வையைப் போர்த்திப் பார்த்தோம், குல்லா மாட்டிப் பார்த்தோம். ஒத்திகைக்கு வந்திருந்த பக்கத்து வீட்டுப் பாட்டி இரண்டாவது காட்சியிலேயே "இது அந்த டாக்டரா வர்ற புள்ளதானே" என்று கேட்டுவிட்டார். அதற்கப்புறம் ஒன்றேகால் மணி நேர நாடகம் பாக்கி இருந்தது.

மேஸ்திரிக்கு ஸ்கிரிப்ட்டை நான் வாசித்துக் காட்டினேன். அவருக்குப் படிப்பதைவிடக் காதால் கேட்பதுதான் பிடிக்கும். இரண்டு டீ ஆனது. முடிந்த பிறகு கதையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"கதவு எத்தினிவாட்டி தொறக்குதும்மா?" என்றார்.

எண்ணிப் பார்த்தேன், பத்தொன்பது.

"அதுல எத்தினிவாட்டி ஆளு தெரியணும்?"

பதினாறு என்றேன்.

"அப்ப மூணுவாட்டி தெரியக்கூடாது. அந்த மூணுக்குத்தான் கதவு செய்யணும்."

அவர் செய்து கொடுத்தது, மேல் பாதியில் பால் வெள்ளை அக்ரிலிக் ஷீட் போட்ட கதவு. கண்ணாடி போட்டால் வண்டியில் போகும்போது உடையும், அதனால் அக்ரிலிக். பின்னால் தரையோடு ஒரு விளக்கு வைத்து, ஆள் அந்த விளக்குக்குப் பக்கத்தில் நின்றால் நிழல் கதவு முழுக்க வளர்கிறது. யாருடைய தோள் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த நேரத்தில் கொலையாளியாக நடிப்பவர் மேடையின் முன்பக்கம் எல்லோரோடும் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்கிறார், பார்க்கிறவர்கள் தாங்களாகவே அவரைச் சந்தேகத்திலிருந்து விலக்கிவிடுகிறார்கள். இது ஏமாற்று வேலை இல்லை. நாவலிலேயே உடந்தையாக ஒருத்தி இருக்கிறாள், நிழல் அவளுடையது. முந்நூறு பக்கத்தில் எழுத்தாளர் வார்த்தைகளால் மறைத்ததை ஒரு கதவை வைத்து மேஸ்திரி மறைத்துக் கொடுத்தார். அன்று இரவு பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது, இந்த நாடகம் நிற்கும் என்ற நம்பிக்கை எனக்கு முதல்முறையாக வந்தது.

அடுத்தது இடங்கள். நாவலில் இருபத்து மூன்று இடங்களில் கதை நடக்கிறது, நான் ஒன்பதாகக் குறைத்திருந்தேன். "மூணு போதும்" என்றார் மேஸ்திரி. வீட்டுக் கூடம், போலீஸ் ஸ்டேஷன், துறைமுகக் கிடங்கு. மூன்று முக்கோணத் தூண்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்று முகம், அடியில் பிரேக் வைத்த சக்கரம். ஒரு முகத்தில் கூடத்துச் சுவர், அடுத்ததில் ஸ்டேஷன், அதற்கடுத்ததில் கிடங்கு. விளக்கை அணைத்துத் திருப்பினால் ஏழு விநாடியில் இடம் மாறிவிடும். கொலைக் கதையில் இருட்டு பத்து விநாடிக்கு மேல் நீண்டால் ஜனங்கள் செல்போனை எடுத்துவிடுவார்கள், அந்த வெளிச்சத்தில் எங்கள் ஆட்கள் நகர்வதெல்லாம் தெரியும். அதனால் அந்த ஏழு விநாடிக்காக மட்டும் நான்கு நாள் பழகினோம்.

தூண்களின் உயரம் ஏழடி. ஏன் எட்டு இல்லை என்று கேட்டேன், பிளைவுட் எட்டடியில்தானே வருகிறது. குட்டி யானையின் தொட்டி நீளமே ஏழடிதான், எட்டடி என்றால் பின்னால் நீட்டிக்கொண்டு போகும், மழை வந்தால் முனை ஊறிவிடும் என்றார். கீல்களில் எல்லாம் ஆணியை உருவி எடுக்கும்படி செய்திருக்கிறார். உருவினால் ஒவ்வொரு தூணும் மூன்று தட்டிகளாகப் படுத்துவிடும். ஒன்பது தட்டி, கதவு, சட்டம், இரண்டு நாற்காலி, லைட் பெட்டி, எல்லாம் ஒரே வண்டியில் அடங்கிவிடுகின்றன.

இந்த ரோட்டில் இதெல்லாம் புதிதில்லை என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். ஒற்றவாடை நாடகக் கொட்டகை இதே வால்டாக்ஸ் ரோட்டில்தான் இருந்தது. ஜே.ஆர்.ரங்கராஜுவின் துப்பறியும் நாவல்களைக் கந்தசாமி முதலியார், சிறுவர்களே நடித்த பாய்ஸ் கம்பெனி நாடகக் குழுக்களுக்காக நாடகமாக்கினார். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் மேனகா நாவலை டி.கே.எஸ். சகோதரர்கள் மேடையேற்றி, அப்புறம் 1935இல் அது படமாகவும் வந்தது. ஆனால் அந்தக் கம்பெனிகள் ஒரு ஊருக்குப் போனால் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் முகாம் போடுவார்கள். பெரிய படுதாக்களும் சீன்களும் ஒரே கொட்டகையில் தொங்கிக்கொண்டிருக்கும். நாங்கள் மதியம் மூன்று மணிக்கு மண்டபத்துக்குள் நுழைந்து, ஆறரைக்கு நாடகத்தைத் தொடங்கி, பத்து மணிக்குள் காலி செய்து சாவியைக் கொடுக்க வேண்டும். அதற்குத் தகுந்த செட் வேறு மாதிரி, அந்த வித்தியாசம் மேஸ்திரிக்கு விரல் நுனியில் இருக்கிறது. ஒரு ஊரில் கல்யாண மண்டபத்து மேடை பதினாறடி அகலம்தான் இருந்தது. பின்னால் பிள்ளையார் சிலையோடு கட்டின சுவர், பக்கத் திரை கட்ட வழியே இல்லை. மேஸ்திரியின் மகன் மூன்று தூண்களில் ஒன்றைக் கழற்றி இரண்டையும் சாய்வாக நிறுத்தி, மிச்சமான தட்டிகளையே பக்கத் திரையாக முட்டுக் கொடுத்து நிறுத்தினார். அரை மணி நேரம்தான் ஆனது.

லைட்டைப் பற்றி ஒன்று. பழைய ஆயிரம் வாட் ஹாலஜன் விளக்குகளை வைத்திருக்கிறார்கள், முகத்துக்கு அழகான வெளிச்சம் தரும். ஆனால் அணைத்த பிறகும் உள்ளே இழை கொஞ்ச நேரம் சிவந்து நிற்கும். நாலு விளக்கைச் சேர்த்துப் போட்டால் பதினேழு ஆம்பியருக்கு மேல் இழுக்கும், மண்டபத்துப் பதினைந்து ஆம்பியர் பிளக் தாங்காது. எங்களுக்கு எல்.இ.டி. பார் விளக்குகளையே எடுக்கச் சொன்னார்கள். ஸ்விட்சை அணைத்த மாத்திரத்தில் கும்மிருட்டு, நிழல் காட்சிக்கு அதுதான் வேண்டும். துப்பாக்கிச் சத்தத்துக்கு நான் லேப்டாப்பில் ஏதேதோ ஒலி வைத்திருந்தேன். மேஸ்திரி ஒரு கனமான பலகையைத் தரையில் போட்டு, ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டு, மறு முனையைத் தூக்கி விட்டார். பட்டறையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இப்போது எல்லா ஊரிலும் அந்தப் பலகைதான்.

முடிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாவலில் துப்பறிகிறவர் எல்லோரையும் உட்கார வைத்துப் பதினான்கு பக்கம் விளக்குகிறார். படிக்கும்போது சுகம், மேடையில் எட்டு நிமிடம் ஒருவர் மட்டும் பேசினால் யாரும் தாங்க மாட்டார்கள். எழுத்தாளரின் முடிவில் கை வைக்க எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் அகதா கிறிஸ்டி, தீவில் பத்துப் பேர் மாட்டிக்கொள்ளும் தன்னுடைய 1939ஆம் வருட நாவலை 1943இல் நாடகமாக்கியபோது, கடைசியில் இரண்டு பேர் பிழைக்கும்படி தானே மாற்றினார். அதை நினைத்துத் தைரியம் வந்தது. எங்கள் கதையில் கொலையாளியை மாற்றவில்லை, சொல்கிற விதத்தை மட்டும் மாற்றினோம். வண்டியில் ஏற்ற வசதியாக இருக்கட்டும் என்று கதவுச் சட்டத்துக்கும் மேஸ்திரி சக்கரம் வைத்திருந்தார். கடைசிக் காட்சியில் விளக்கை அணைக்காமல், எல்லோரும் பார்க்கும்படியே அந்தக் கதவை அப்படியே திருப்புகிறோம். முன்னால் நிழலாகப் பார்த்த அதே காட்சி இப்போது கதவின் மறுபக்கத்திலிருந்து நடக்கிறது. அவள் அங்கே நின்று என்ன செய்தாள் என்று கண்ணாலேயே பார்க்கிறார்கள். விளக்கத்துக்கு மிச்சம் ஆறு வரிதான். விழுப்புரத்தில் அந்த இடத்தில் ஒரு அம்மா எழுந்தே நின்றுவிட்டார். எழுத்தாளரும் பெரம்பூர் காட்சிக்கு வந்து பார்த்துவிட்டு அந்தக் கதவைத் தொட்டுப் பார்த்தார்.

குறைகளும் இருக்கின்றன. சொன்ன தேதிக்கு நான்கு நாள் தாமதம், அதனால் செட்டோடு எங்களுக்கு இரண்டே முழு ஒத்திகைதான் கிடைத்தது. கூடத்துச் சுவருக்கு அவர் அடித்த பச்சை, நேரில் பார்க்க நன்றாக இருந்தது, விளக்கு வெளிச்சத்தில் பாசி பிடித்த மாதிரி தெரிந்தது. மறுபடி அடிக்கச் சொன்னதற்குத் தனியாகக் காசு வாங்கினார், அதில் எனக்கு இன்னும் வருத்தம்தான். திருவொற்றியூரில் நடுத் தூணின் சக்கர பிரேக் பிடிக்காமல், விசாரணைக் காட்சியில் ஸ்டேஷன் சுவர் மெதுவாக நகர ஆரம்பித்தது. நடித்துக்கொண்டிருந்த பையன் முதுகைக் கொடுத்து நிறுத்தினான். போன் செய்ததும் மகன் அன்று இரவே வந்து, ஒவ்வொரு சக்கரத்துக்கும் மர ஆப்பு செதுக்கிக் கொடுத்துவிட்டுப் போனார், அதற்குக் காசு வாங்கவில்லை. அதற்குப் பிறகு நகரவில்லை. எஸ்டிமேட்டை எழுத்தில் தர மாட்டார்கள், வாயால் சொல்வதுதான். நீங்களே ஒரு நோட்டில் எழுதி அவரிடம் படித்துக் காட்டிவிடுங்கள்.

செய்கூலி, பொருள் எல்லாம் சேர்த்து எங்களுக்கு 58,000 ரூபாய் ஆனது. லைட் வாடகை, ஆள் கூலியோடு காட்சிக்கு 6,500, வெளியூர் என்றால் வண்டியும் சாப்பாடும் நம் செலவு. எங்களைப் போன்ற சின்னக் குழுவுக்கு இது பெரிய தொகைதான். ஆனால் அதே தட்டிகளைத் திரும்பப் பெயிண்ட் அடித்து அடுத்த நாடகத்துக்கும் வைத்துக்கொள்ளலாம் என்பதால் நான் வாடகைக்கு எடுக்காமல் செய்தே வாங்கிவிட்டேன். எத்தனை காட்சி போடப்போகிறோம் என்று உறுதியாகத் தெரியாதவர்கள் வாடகைக்கே கேளுங்கள்.

போகிறவர்கள் காலை பதினோரு மணிக்கு மேல் போங்கள், அதற்கு முன் சந்தில் மரம் இறக்கிக்கொண்டிருப்பார்கள். போடப்போகும் மண்டபங்களின் மேடை அகலம், ஆழம், வாசல் உயரம் மூன்றையும் டேப் வைத்து அளந்து எழுதிக்கொண்டு போங்கள், அந்தத் தாளைப் பார்க்காமல் அவர் கட்டையில் கை வைக்க மாட்டார். ஆடி மாதம் கோயில் திருவிழா செட் வேலை நிறைய வந்துவிடும், அப்போது தேதி கிடைக்காது.