சீல் உடையாத பெட்டிக்குள் மான்செஸ்டர் சாஞ்சோ

2023-இல் கால்பந்து ஆட்டக்காரர் ஜூட் பெல்லிங்ஹாம் ரியால் மாட்ரிட்டுக்குப் போனதும், அவர் படம் போட்ட பழைய சேகரிப்புக் கார்டுகளின் விலையும் ஏறிவிட்டது. அவருடைய ரூக்கி கார்டு, அதாவது புதுமுகமாக வந்தபோதைய கார்டு, டாப்ஸ் கம்பெனியின் 'டாப்ஸ் குரோம் சாம்பியன்ஸ் லீக் 2020-21' தொகுப்பில் இருக்கிறது. அப்போது அவர் ஜெர்மனியின் டார்ட்மண்ட் அணி ஆட்டக்காரர். அந்த வருடத்து ஹாபி பாக்ஸ் (கார்டு பாக்கெட்டுகள் அடங்கிய பெட்டி) ஒன்று, சீல் உடைக்காதது, சிங்கப்பூரில் பழைய பொருள் விற்கும் செயலியில் கண்ணில் பட்டது. 620 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). மற்றவர்கள் கேட்டதைவிட நூறு வெள்ளிக்கு மேல் குறைவு. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

இந்தப் பொழுதுபோக்கு தெரியாதவர்களுக்கு: பெட்டிக்குள் 18 பாக்கெட், ஒவ்வொன்றிலும் 4 கார்டு. ஹாபி பாக்ஸ் என்றால் ஆட்டக்காரர் கையெழுத்திட்ட கார்டு ஒன்று வர வேண்டும். அதைத்தான் நாங்கள் ஆட்டோ என்போம் (மூன்று சக்கர வண்டி இல்லை). கடைகளில் தொங்கும் சாதாரண பாக்கெட்டில் அந்த உறுதி கிடையாது. ஹாபி பாக்ஸுக்கு இவ்வளவு விலை கொடுப்பதே அதற்காகத்தான்.

எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் சந்தித்தோம். விற்றவர் இளைஞர், நல்ல பேச்சு. "ப்ரோ, எனக்கு அவசரமா காசு வேணும், இல்லாட்டி விக்க மாட்டேன்" என்றார். வங்கிக் கணக்கிலிருந்து உடனே பணம் போகும் பேநவ்வில் அனுப்பினேன், பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மகனும் நானும் பிரிக்க உட்கார்ந்தோம். மேலுறையைக் கிழிக்கும்போதே ஒரு நெருடல். மூலைகளில் பிளாஸ்டிக் சுருங்கிச் சின்னச் சின்னக் காதுகளாக நீட்டிக்கொண்டிருந்தது. முன்பு நான் வாங்கிய டாப்ஸ் பெட்டியின் உறையில் கம்பெனி முத்திரை வரிசையாக அச்சாகியிருந்தது. இது வெறும் கண்ணாடித் தாள். சரி, பழைய சரக்கு, அப்படித்தான் இருக்கும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

முதல் பாக்கெட்டின் பின்பக்கத் தையல் விரலுக்கு விறைப்பாக இருந்தது. இழுத்தால் வழக்கம்போல் சர்ரென்று வராமல், பிசினில் ஒட்டிய தபால் உறை மாதிரி பிய்ந்து பிய்ந்து வந்தது. மூன்றாவது பாக்கெட்டில் ஐந்து கார்டு. ஏழாவதில் மூன்று. ஒரே தடுப்பாட்டக்காரரின் சாதா கார்டு நான்கு முறை வந்தது. ரிஃப்ராக்டர் என்று சொல்லும் பளபளக்கும் கார்டு ஒன்றுகூட இல்லை. மகன்தான் பிடித்தான். ஒரு கார்டைத் தூக்கி, "அப்பா, சாஞ்சோ இந்த சீசன்ல டார்ட்மண்ட்லதானே இருந்தாரு?" என்றான்.

கையில் இருந்தது மான்செஸ்டர் யுனைடெட் சட்டை போட்ட ஜேடன் சாஞ்சோ. அவர் அங்கே போனது 2021 ஜூலையில். 2020-21 பெட்டிக்குள் அந்தச் சட்டை எப்படி வரும்? யாரோ பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, நல்லதை எல்லாம் உருவிக்கொண்டு, அடுத்த வருடத்து மிச்சங்களைப் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். பெல்லிங்ஹாம் இல்லை. ஆட்டோ இல்லை. 18 பாக்கெட்டையும் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

படங்களோடு செய்தி அனுப்பினேன். "நான் வாங்கினபடியே வித்தேன் ப்ரோ, பெட்டின்னா லக்குதான்" என்று பதில். அப்புறம் என்னை பிளாக் செய்துவிட்டார். லக் என்றால் கெட்ட கார்டு வரும். வேறு வருடத்துக் கார்டு வராது. செயலியின் வழியாகப் பணம் கட்டியிருந்தால் அவர்கள் அதை நிறுத்திவைத்திருப்பார்கள். வெளியே பேநவ்வில் கொடுத்ததால் கைகழுவிவிட்டார்கள். ஸ்மால் கிளெய்ம்ஸ் (சிறு தொகை வழக்குகளுக்கான நடுவர் மன்றம்) போகலாம் என்று நண்பர் சொன்னார். வழக்குப் போட எதிராளியின் பெயரும் முகவரியும் வேண்டுமே. என்னிடம் இருப்பது ஒரு செல்லப்பெயரும் எடுக்காத தொலைபேசி எண்ணும்தான்.

பிரிப்பதை முதலிலிருந்தே படம் பிடிக்காதது என் தவறு. உறை கிழியும் நொடி வீடியோவில் இல்லாததால், கார்டுகளை நானே மாற்றிவிட்டேன் என்று அவர் சொன்னால் என்னிடம் பதில் இல்லை. பழைய சீசன் பெட்டியைத் தனி ஆளிடம் வாங்குபவர்கள், காசு கொடுக்கும் முன் உறையின் நான்கு மூலையையும் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். அவசரம் என்கிறவரிடம் அதைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டு பாருங்கள்.

நேற்று அதே தொகுப்பின் பெட்டி, வேறு பயனர் பெயரில், மறுபடி விற்பனைக்கு வந்திருக்கிறது. படத்தில் அதே பச்சை மேசைவிரிப்பு, ஓரத்தில் அதே காபிக் கறை. விலை இந்த முறை 590.