18,400 ரூபாய் கொடுத்துப் பித்தளை வாங்கினேன்

கை இன்னும் நடுங்குகிறது, எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 18,400 ரூபாய். இன்று காலைதான் பத்தர் கடையில் உறுதியானது. ஓவியத்தில் ஒட்டும் தங்க ரேக்கை, அதாவது மெல்லிய தங்கத் தாளை, எப்படிப் பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

குன்னூரில் வீட்டிலேயே தஞ்சாவூர் ஓவியம் போட்டுக் கொடுக்கிறேன். கோத்தகிரியில் ஒரு கிரகப்பிரவேசத்துக்கு மூன்றடியில் வெண்ணெய்த்தாழிக் கிருஷ்ணர் கேட்டிருந்தார்கள். வழக்கமாகத் தங்க ரேக்கு தஞ்சாவூரிலிருந்து வரும். இந்த முறை விலை மிரட்டியதால், கைவினைப் பொருள் விற்கும் ஓர் ஆன்லைன் தளத்தில் தேடினேன். என் புத்தி!

முதலில் இரண்டே தாள் வாங்கிக் கிரீடத்துக்கு ஒட்டினேன். அருமையாக இருந்தது. மறுநாள் விற்பவனே கூப்பிட்டான். "அக்கா, உங்க ஊர் ஈரத்துக்கு மட்ட ரேக்கு தாங்காது, பச்சை பூத்துடும். யார்கிட்ட வாங்கினாலும் 22 காரட்டான்னு கேட்டு வாங்குங்க." யாரிடம் வாங்கினாலும் என்றானே, அதில்தான் விழுந்தேன். தளத்தைத் தாண்டி ஜிபேயில் போட்டால் கமிஷன் மிச்சம், தாள் 920க்குத் தருகிறேன் என்றான். 20 தாள், 18,400 ரூபாய். ஹாலோகிராம் ஒட்டிய சான்றிதழ்கூட வந்தது.

மண்டபத் தூண், வளைவு எல்லாம் ஒட்டி முடித்து மூன்று வாரம். ஐப்பசி மழைக்கு எங்கள் வீட்டுச் சுவரே வேர்க்கும். முந்தாநாள் துணியை விலக்கினால், தூணில் பதித்த கற்களைச் சுற்றிப் பாசி படிந்தது போலப் பச்சை. வளைவின் ஓரமெல்லாம் புளி போட்டுத் தேய்க்காத குத்துவிளக்கு மாதிரி கருத்துக் கிடக்கிறது. கிரீடம் மட்டும் ஒட்டிய அன்றைக்கு இருந்தபடியே இருக்கிறது. ஒரே பலகை, ஒரே கோந்து, ஒரே ஈரம்.

அவனைக் கூப்பிட்டேன். "ஈரம்தான்க்கா, நான் அன்னைக்கே சொன்னேனே!" கிரீடம் கறுக்கவில்லையே என்றேன். அப்படியானால் கோந்து சரியில்லை என்றான். போட்டோ அனுப்பினேன், நீல டிக் விழுந்தது, அத்தோடு பிளாக். தளத்துக்காரர்களோ "சிரமத்துக்கு வருந்துகிறோம், எங்கள் வழியாக வந்த ஆர்டர் இரண்டு தாள்தான்" என்கிறார்கள். நான்காவதாகச் சாட்டில் வந்தவர் சேவைக்கு எத்தனை ஸ்டார் தருவீர்கள் என்று கேட்டார். வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது.

மிச்சமிருந்த தாளில் பத்தர் ஒரு சொட்டு ஆசிட் விட்டார். பச்சையாக நுரைத்துக் கரைந்தது. "பித்தளைம்மா," என்றார். செம்பும் துத்தநாகமும் கலந்து அடித்த ரேக்கு, பார்வைக்குத் தங்கம். கிரீடத்தில் வெட்டிய துண்டிலும் சொட்டு விட்டார். அது அசையவே இல்லை.

விவரமாக எழுத இப்போது பொறுமை இல்லை. சாம்பிளை நம்பாதீர்கள். மொத்தச் சரக்கு வந்ததும், ஒட்டுவதற்கு முன்பே, நடுவிலிருந்து ஒரு தாளை உருவிப் பத்தரிடம் காட்டுங்கள். தளத்துக்கு வெளியே ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். ஏமாந்தால் அன்றைக்கே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குக் கூப்பிடுங்கள், நான் மூன்று வாரம் கழித்துத்தான் கூப்பிட்டேன். அவ்வளவுதான்.

கார்த்திகை பிறக்க ஒன்பது நாள் இருக்கிறது. பிளேடு வைத்துத் தூணைச் சுரண்டிக்கொண்டிருக்கிறேன். ரேக்கோடு அடியில் பூசிய மக்குப் பசையும் பெயர்ந்து வருகிறது.