அப்டேட் நின்றுபோன கணினி: கட்டளைகளா, ரிப்பேர் இன்ஸ்டாலா, ஃபார்மட்டா?

விண்டோஸ் அப்டேட் ஏறாமல் அடம்பிடிக்கும் வீட்டுக் கணினியைப் பற்றி யாரிடம் கேட்டாலும் மூன்றில் ஒரு பதில் வரும். கடைக்காரர் "ஃபார்மட் போட்டுடலாம் சார்" என்பார். யூடியூப் பார்த்துப் பழகிய தம்பி கறுப்புத் திரையைத் திறந்து பத்துக் கட்டளைகளை வரிசையாக ஒட்டுவான். ஐ.டி. பிரிவில் வேலை பார்க்கும் சொந்தக்காரர் "ரிப்பேர் இன்ஸ்டால் பண்ணிப் பாருங்க" என்பார். மூன்றுமே பலன் தரக்கூடிய வழிகள்தான். ஆனால் ஒவ்வொன்றும் சரிசெய்வது வேறு வேறு பழுதை. அதனால் எந்த இடத்தில் அப்டேட் நிற்கிறது என்று பார்க்காமல் இவற்றை ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

அப்டேட் என்பது இரண்டு கட்ட வேலை. முதலில் மைக்ரோசாஃப்ட் சர்வரிலிருந்து கோப்புகள் இறங்க வேண்டும். அப்புறம் அவை சிஸ்டத்துக்குள் பொருந்த வேண்டும். டவுன்லோட் 0 சதவீதத்திலோ வேறு எங்கேயோ நின்று மணிக்கணக்கில் நகராவிட்டால் கோளாறு முதல் கட்டத்தில். இறங்கி முடித்து, ரீஸ்டார்ட் ஆகி, பாதி தூரம் போய், "மாற்றங்களை ரத்து செய்கிறோம்" என்ற பொருளில் ஒரு செய்தி காட்டிவிட்டுப் பழைய நிலைக்கே திரும்பினால் இரண்டாவது கட்டத்தில்.

முதல் கட்டச் சிக்கல்களில் பாதிக்கு எந்தக் கட்டளையும் தேவைப்படாது. பழைய டெஸ்க்டாப்பில் மதர்போர்டு பேட்டரி தீர்ந்துபோனால் தேதி பல வருடம் பின்னுக்குப் போய்விடும். தேதி தப்பாக இருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாது. சர்வரோடு இணைப்பே ஏற்படாது. கடையில் கிடைக்கும் சிஆர்2032 பேட்டரி ஒன்று போதும். அதேபோல, போன் ஹாட்ஸ்பாட்டில் ஓடும் கணினியில் அந்த இணைப்பு "மீட்டர்டு" என்று குறிக்கப்பட்டிருந்தால் விண்டோஸ் டேட்டாவை மிச்சம் பிடிக்கிறேன் என்று பெரும்பாலான அப்டேட்களை இறக்காமலே உட்கார்ந்திருக்கும். சி டிரைவ் நிரம்பியிருப்பதும் வழக்கமான காரணம். இன்னொன்றும் உண்டு: விண்டோஸ் போட்டுக் கொடுக்கும்போதே அப்டேட் சேவையை யாரோ முடக்கி வைத்திருப்பது. சர்வீசஸ் பட்டியலில் "விண்டோஸ் அப்டேட்" எதிரே "டிசேபிள்டு" என்று இருந்தால் மேற்கொண்டு ஆராய்ச்சி வேண்டாம்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் நகரவில்லை என்றால்தான் வழிகளுக்குள் போட்டி.

விண்டோஸோடு வரும் டிரபிள்ஷூட்டரைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தீங்கில்லாதது, ஓட்டிப் பார்க்கலாம், எதிர்பார்ப்பு வேண்டாம்.

கட்டளைகள் என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் இரண்டு தனித்தனி வைத்தியம் கலந்து கிடக்கிறது. ஒன்று, அப்டேட் சேவைகளை நிறுத்திவிட்டு விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் "சாஃப்ட்வேர் டிஸ்ட்ரிபியூஷன்" என்ற கோப்புறையின் பெயரை மாற்றுவது. இறக்கிய கோப்புகளும் அப்டேட் பதிவுகளும் அங்கேதான் இருக்கின்றன. பெயரை மாற்றினால் விண்டோஸ் அதைப் புதிதாக உருவாக்கிக்கொண்டு எல்லாவற்றையும் மறுபடி இறக்கும். பாதியில் சிதைந்துபோன டவுன்லோடுக்கு இது கச்சிதமான தீர்வு. செட்டிங்ஸில் அப்டேட் வரலாறு காலியாகத் தெரியும். பதறவேண்டாம், ஏற்கெனவே ஏறிய அப்டேட்கள் எங்கும் போகாது.

இன்னொன்று, விண்டோஸோடு வரும் டிஸ்ம் என்ற பழுதுபார்ப்புக் கருவியின் "ரெஸ்டோர் ஹெல்த்" கட்டளையும் அதைத் தொடர்ந்து ஓட்டும் "எஸ்எஃப்சி ஸ்கேன்நவ்" கட்டளையும். இவை தொடுவது இரண்டாவது கட்டத்தை. விண்டோஸ் தன் பாகங்களின் இருப்பை "வின்எஸ்எக்ஸ்எஸ்" என்ற கோப்புறையில் வைத்திருக்கிறது. அந்த இருப்பு சிதைந்திருந்தால் புதிய அப்டேட் எதன் மேல் உட்காரும்? டிஸ்ம் அந்த இருப்பைச் சீராக்கும். சீரான இருப்பை வைத்து எஸ்எஃப்சி சிஸ்டம் கோப்புகளைச் சரிசெய்யும். வரிசையை மாற்றிப் போடுபவர்கள்தான் "எஸ்எஃப்சி-யால் சரிசெய்ய முடியவில்லையாம்" என்று திரும்பி வருகிறார்கள். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு: டிஸ்ம் தனக்கு வேண்டிய நல்ல கோப்புகளை விண்டோஸ் அப்டேட் வழியாகத்தான் தேடும். அந்த வழியே அடைபட்டிருந்தால் கை விரித்துவிடும். அப்போது அதே பதிப்பின் ஐஎஸ்ஓ கோப்பை (விண்டோஸ் நிறுவல் கோப்புகள் மொத்தமும் அடங்கிய ஒற்றைக் கோப்பு) இறக்கி, அதை மூலமாகக் காட்ட வேண்டும்.

ஆக, டவுன்லோட் நின்றதற்கு டிஸ்ம் ஓட்டுவதும், பொருத்துவதில் தோற்றதற்குக் கோப்புறைப் பெயரை மாற்றுவதும் நேர விரயம். இணையத்தில் சுற்றும் "ஒரே கிளிக்" ஸ்கிரிப்டுகள் இரண்டையும் சேர்த்தே செய்துவிடுவதால் எது பலித்தது என்றே தெரியாமல் போகிறது.

இரண்டுமே பலிக்காத கேஸ் ஒன்றையும் சொல்ல வேண்டும். 2024 ஜனவரியில் விண்டோஸ் 10-க்கு வந்த கேபி5034441 அப்டேட் ஏராளமான கணினிகளில் 80070643 என்று முடியும் பிழை எண்ணைக் காட்டித் தோற்றது. காரணம், ரெக்கவரி பார்ட்டிஷனில் (டிஸ்க்கில் மீட்புக் கருவிகளுக்கென ஒதுக்கிய பகுதி) 250 எம்பி காலி இடம் இல்லாதது. பிழைச் செய்தியோ "இன்ஸ்டால் தோல்வி" என்று பொதுவாகச் சொன்னதே தவிர, இடப் பற்றாக்குறையைச் சொல்லவில்லை. பார்ட்டிஷனைக் கையால் பெரிதாக்குவதுதான் வழி. தானாகச் சரியாகும் தீர்வு வராது என்று மைக்ரோசாஃப்ட்டே பின்னர் கைவிட்டுவிட்டது. அதற்காக எத்தனை பேர் கணினியை ஃபார்மட் செய்தார்களோ! ஒரே ஒரு அப்டேட் மட்டும் தோற்று மற்றவை ஏறினால், முதலில் அந்த அப்டேட்டின் கேபி எண்ணை இணையத்தில் தேடிப் படியுங்கள். பழுது உங்கள் கணினியில் இல்லாமலும் இருக்கலாம்.

இனி பெரிய வழிகள். ரிப்பேர் இன்ஸ்டால் என்பது விண்டோஸின் மேலேயே விண்டோஸை மறுபடி போடுவது. ஐஎஸ்ஓ-வை இறக்கி, இரட்டைக் கிளிக்கில் திறந்து, உள்ளே இருக்கும் செட்டப்பை ஓட்டி, "கோப்புகளையும் செயலிகளையும் வைத்துக்கொள்" என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். சிஸ்டம் பாகங்கள் மொத்தமும் புதிதாகும். உங்கள் மென்பொருள்கள் அப்படியே இருக்கும். ஒத்துவராவிட்டால் 10 நாட்களுக்குள் பழைய நிலைக்குத் திரும்பவும் முடியும். மொழியும் எடிஷனும் பொருந்த வேண்டும். முக்கியமாக, விண்டோஸுக்குள் இருந்தபடியேதான் செட்டப்பை ஓட்ட வேண்டும். பென்டிரைவிலிருந்து பூட் செய்தால் செயலிகளை வைத்துக்கொள்ளும் வாய்ப்பே வராது. விண்டோஸ் 11-இன் புதிய பதிப்புகளில் ரெக்கவரி பக்கத்திலேயே இதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது, ஆனால் அதுவும் விண்டோஸ் அப்டேட் வழியாகவே கோப்புகளை இறக்கும். டவுன்லோடே ஓடாத கணினிக்கு ஐஎஸ்ஓதான் கதி.

"ரீசெட் திஸ் பிசி" என்பது இதற்கும் ஃபார்மட்டுக்கும் நடுவில் இருப்பது. கோப்புகள் தங்கும், நீங்கள் நிறுவிய செயலிகள் போய்விடும். அதைச் செய்வதானால் கிளவுட் டவுன்லோடையே தேர்ந்தெடுங்கள். உள்ளூர் மறுநிறுவல் ஏற்கெனவே இருக்கும் கோப்புகளையே எடுத்துப் பயன்படுத்தும், சிதைந்தது அவைதானே?

ஃபார்மட் எல்லாவற்றையும் தீர்க்கும் என்பது ஒரு நம்பிக்கை. செலவு அதற்கு அப்புறம்தான் தெரியும். தமிழில் தட்டச்ச என்எச்எம் ரைட்டரோ அழகியோ மறுபடி போட வேண்டும். பாமினியில் அடித்த பழைய கடிதங்களைத் திறந்தால் எழுத்துரு இல்லாமல் ஆங்கில எழுத்துகளாகக் கொட்டும். பழைய பிரிண்டரின் டிரைவர் சிடி எந்த அலமாரியில் என்று தேட வேண்டும். டேலி வைத்திருப்பவர் பேக்கப் எடுத்தாரா என்பது தனிக் கவலை. அதற்கு மேல் ஓர் ஆபத்தும் இருக்கிறது. 2024 அக்டோபர் அல்லது நவம்பர் மாதப் பாதுகாப்பு அப்டேட்கள் சேர்த்துத் தயாரித்த விண்டோஸ் 11 24எச்2 பென்டிரைவிலிருந்து நிறுவிய கணினிகள், அதன் பிறகு பாதுகாப்பு அப்டேட்களையே ஏற்காமல் போகலாம் என்று அந்த டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. டிசம்பர் அப்டேட்டோ அதற்குப் பிந்தியதோ சேர்ந்த நிறுவல் பென்டிரைவால்தான் மறுபடி நிறுவ வேண்டும் என்றார்கள். கடையில் எந்த மாதத்துப் பென்டிரைவை வைத்திருக்கிறார்கள் என்று யார் கேட்கிறோம்? ஃபார்மட்டே தேவைப்படும் இடம் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை: வைரஸ் ஊடுருவிய கணினி, ஆக்டிவேட்டர் போட்டு ஓட்டிய திருட்டு விண்டோஸ், ஹார்ட் டிஸ்க்கையே மாற்றும் சமயம். மற்றபடி வீட்டுக் கணினிக்கு என் ஓட்டு ரிப்பேர் இன்ஸ்டாலுக்கே. அரை நாள் கட்டளைகளோடு மல்லுக்கட்டுவதை விடவும் அது மேல் என்பேன். டிஸ்ம் ஒருமுறை தோற்றதுமே அதற்குப் போய்விடலாம்.

எதைச் செய்வதானாலும் முன்னாலேயே பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) மீட்புச் சாவியை மைக்ரோசாஃப்ட் கணக்கில் பார்த்துத் தாளில் எழுதி வையுங்கள். டிவைஸ் என்கிரிப்ஷன் என்ற அந்தப் பூட்டு ஓசையில்லாமல் இயங்கிக்கொண்டிருக்கும் லேப்டாப்புகள் நிறைய.

விண்டோஸ் 10-இல் இருப்பவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் வேறு. 2025 அக்டோபர் 14-ஓடு அதற்கான இலவச ஆதரவு முடிந்துவிட்டது, அதனால் அப்டேட் வராதது பழுதே அல்லாமல் இருக்கலாம். நீட்டித்த பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும்; அதற்கு 22எச்2 பதிப்பும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் வேண்டும். பழைய பதிப்பிலேயே சிக்கிக்கொண்டு மேலே ஏற முடியாத கணினியாக இருந்தால், 22எச்2 ஐஎஸ்ஓ-வால் ரிப்பேர் இன்ஸ்டால் போடுங்கள். பழுதுபார்ப்பும் பதிப்பு ஏற்றமும் ஒரே ஓட்டத்தில் முடியும், திட்டத்தில் சேரும் இணைப்பும் அதன் பிறகுதான் அப்டேட் பக்கத்தில் தலைகாட்டும்.