லினேஜ் ஓஎஸ்ஸும் ஒரு வீண் பேட்டரியும்

மச்சான் போன வாரம் கேட்டான்: "மாமா, உங்க போன்ல லினேஜ் போட்டீங்களே, சார்ஜ் நிக்குதா? என் பழைய போன்லயும் போடலாமா?" லினேஜ் ஓஎஸ் என்பது போனோடு வந்த மென்பொருளை எடுத்துவிட்டு நாமே போட்டுக்கொள்ளும் இலவச ஆண்ட்ராய்டு. கேள்விக்குப் பதில் ஒரு வரியில் சொல்ல முடியாததால் இங்கே எழுதுகிறேன்.

நல்லதைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். தயாரித்த கம்பெனியே கைவிட்ட போன் இது. லினேஜ் 20, அதாவது ஆண்ட்ராய்டு 13 போட்டதும் புத்துயிர் வந்தது. விளம்பரம் இல்லை, கேட்காமல் வந்து உட்கார்ந்த செயலிகள் இல்லை. கூகுள் சேவைகளைத் தனியாகத்தான் ஏற்ற வேண்டும், நான் ஏற்றவில்லை. அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

சார்ஜ்தான் பிரச்சினை. பகலில் அல்ல, இரவில். 11 மணிக்கு 100 சதவீதம் வைத்துப் படுத்தால் காலை 6 மணிக்கு 63. யாரும் தொடவே இல்லை. அமைப்புகளில் பேட்டரிப் பக்கத்தைத் திறந்தால் 'மொபைல் நெட்வொர்க்', 'ஆண்ட்ராய்டு சிஸ்டம்' என்கிறது. திருட்டுப் புகார் கொடுக்கப் போனால் "வீட்டில் ஆள் இருந்திருக்கிறார்கள்" என்று எழுதிக் கொடுத்த மாதிரி.

ஊர் சொன்ன வைத்தியமெல்லாம் பார்த்தேன். மூன்று முறை பூஜ்யம் வரை விட்டு முழுதாக ஏற்றினேன். ரூட் (போனின் முழு அதிகாரம்) எடுத்து, பேட்டரிச் செலவைக் குறித்துவைக்கும் பேட்டரிஸ்டாட்ஸ் கோப்பை அழித்தேன். அந்தக் கோப்பு வெறும் கணக்குப் புத்தகம், அழிப்பதால் பேட்டரிக்கு ஒன்றும் ஆகாது என்று ஆண்ட்ராய்டு பொறியாளர் டயான் ஹாக்பார்ன் பல வருடம் முன்பே சொல்லிவிட்டார். அதைப் பிறகுதான் படித்தேன்.

அப்புறம் பேட்டரி மாற்றச் சென்னை ரிச்சி தெரு. பின்மூடியைச் சூடு காட்டிக் கழற்றிய பையன், திரையைப் பார்த்துவிட்டு, "சாஃப்ட்வேர் மாத்துன போனா சார்? அப்ப கேரண்டி சொல்ல முடியாது" என்றான். 950 ரூபாய். அன்றிரவு புது பேட்டரியும் 35 சதவீதம் இறங்கியது. பையன் மேல் தப்பில்லை. பழைய பேட்டரி மேலும் இல்லை.

முதலிலேயே செய்திருக்க வேண்டியது ஓசியில் ஆகும் சோதனை: ஒரு இரவு ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டுத் தூங்குவது. செய்தேன். 2 சதவீதம்தான் குறைந்தது. சரி, பேட்டரி நல்லாத்தான் இருக்கிறது. நெட் இருந்தால்தான் ஏதோ விழித்துக்கொண்டிருக்கிறது. மறுநாள் இரவு லேப்டாப்பில் கேபிள் செருகி, லேப்டாப்பிலிருந்து போனுக்குக் கட்டளை கொடுக்கும் ஏடிபி வழியாகப் பேட்டரிஸ்டாட்ஸ் கணக்கைப் பூஜ்யமாக்கிவிட்டுக் கழற்றினேன். காலையில் திரும்பச் செருகிப் படித்தால் மேலேயே ஒரு வரி: பேட்டரியில் ஓடிய நேரம் 7 மணி 4 நிமிடம், அதில் விழித்திருந்தது 3 மணி 10 நிமிடம். நான் தூங்கிய ராத்திரியில் என் போன் கிட்டத்தட்ட பாதி நேரம் தூங்கவில்லை. கீழே எழுப்பிவிட்டவர்கள் பட்டியலில் நாலு பெயர்: இரண்டு மெசஞ்சர், ஒரு மெயில், ஒரு செய்திச் செயலி.

நாலுக்கும் 'பேட்டரி கட்டுப்பாடு வேண்டாம்' என்று அனுமதி கொடுத்தது நானேதான். கூகுள் சேவை இருக்கும் போனில் எல்லாச் செயலிகளுக்கும் சேர்த்து ஒரே இணைப்பு. வாசலில் ஒரு வாட்ச்மேன் எல்லாருடைய கூரியரையும் வாங்கி வைப்பது போல. வாட்ச்மேனை நிறுத்திவிட்டேன், ஒவ்வொரு கூரியர்காரரும் நேரே வந்து பெல் அடிக்கிறார்கள். சும்மா கிடக்கும் இணைப்பை மொபைல் நெட்வொர்க் துண்டித்துவிடும் என்பதால், 'இருக்கிறேன், இருக்கிறேன்' என்று சில நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொன்றும் துளி தகவல் அனுப்பிக்கொண்டே இருக்கும். துளிதான். ஆனால் அதற்காக எழுந்த ரேடியோ உடனே படுக்காது, சில வினாடி விழித்தே இருக்கும். அதுவும் என் படுக்கையறையில் சிக்னல் ஒரு கோடுதான். சிக்னல் குறைந்தால் ரேடியோ இன்னும் கத்திப் பேச வேண்டும். ராத்திரி வைஃபை ரவுட்டரை அணைக்கிற பழக்கம் வேறு.

கூகுள் சேவைகளுக்கு மாற்றான மைக்ரோஜி போட்டால் மறுபடி ஒரே இணைப்பாகிவிடும். ஆனால் அந்த இணைப்பு போய்ச் சேர்வதும் கூகுள் வாசலுக்குத்தான். எதை விட்டு ஓடிவந்தேனோ அதனிடமே சார்ஜுக்காகக் கையேந்த மனசு வரவில்லை. ஒரு மெசஞ்சரை மட்டும் விட்டுவைத்து மற்ற மூன்றின் அனுமதியையும் பிடுங்கினேன், ரவுட்டரை ராத்திரியும் ஓடவிட்டேன். இப்போது இரவுக்கு 5 சதவீதம். விலை என்னவென்றால், மெயில் நான் திறக்கும்போதுதான் வரும். இன்னொரு மெசஞ்சரில் மனைவி அனுப்பிய "பால் வாங்கிட்டு வாங்க", நான் வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றும்போது டிங் என்றது.

ஆகவே மச்சான், உனக்கு வேண்டாம். உன் பாங்க் செயலி இதில் திறக்குமா என்பதே சந்தேகம். பூக்காரம்மாவுக்கு இருபது ரூபாய் கொடுக்க உன் அக்கா போனைக் கேட்டு நிற்கும் அவமானம் உனக்கு எதற்கு? இரண்டு வருடத்தில் இந்த போனோடு நான் போட்ட சண்டையைப் புது போனுக்கு மாதத் தவணையாகக் கட்டியிருந்தால் எப்போதோ முடிந்திருக்கும்.

இதை எழுதும்போது இரவு 10.40. காலையில் ஏற்றிய சார்ஜ், 58 இருக்கிறது. சார்ஜரை ஆபீசிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன், பரவாயில்லை, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.