டயப்பரா, துணியா? அம்மாவுக்காகப் போட்ட கணக்கு

அம்மாவுக்கு 78 வயது. பக்கவாதம் வந்து இடது பக்கம் தளர்ந்ததிலிருந்து, ஒன்றுக்குப் போகவேண்டும் என்று தோன்றி எழுந்து நடப்பதற்குள் சேலை நனைந்துவிடுகிறது. எங்கள் வீடு சேலம் அம்மாப்பேட்டையில். முதல் ஐந்து மாதம் முழுக்கக் கடை டயப்பர்தான் ஓடியது. ஒரு நாள் மதியம் பார்த்தால், காலையில் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்த சொம்புத் தண்ணீர் அப்படியே இருந்தது. கேட்டதற்கு, "தண்ணி குடிச்சா அது சீக்கிரம் நெறைஞ்சிருது கண்ணு. ஒண்ணு முப்பத்தெட்டு ரூவான்னு நீதானே சொன்ன" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தண்ணீரைக் குறைத்தால் கசிவு குறையாது. சிறுநீர் அடர்த்தியாகிச் சிறுநீர்ப்பையை உறுத்தும், அவசரம் இன்னும் கூடும், மலச்சிக்கலும் சேர்ந்துகொள்ளும். காசை மிச்சம் பிடிப்பதென்றால் அது அம்மாவின் தொண்டையிலிருந்து வரக்கூடாது. அன்றைக்கு ராத்திரிதான் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தேன்.

அதற்கு முன்னால் ஒன்று. டயப்பரோ துணியோ வாங்குவதற்கு முன் டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், கட்டுக்கடங்காத சர்க்கரை, ஆண்களுக்குப் புராஸ்டேட் வீக்கம் என்று சரிசெய்யக்கூடிய காரணங்கள் நிறைய உண்டு. நீர் பிரியக் கொடுக்கும் மாத்திரையைச் சாயங்காலம் போடுவதால் ராத்திரி நனைகிறதா என்பதையும் கேளுங்கள். நேரத்தை மாற்றினாலே பாதித் தொல்லை தீரும் வீடுகள் இருக்கின்றன.

சரி, இப்போது கணக்கு.

கடை டயப்பர் அம்மாவுக்கு ஒரு நாளைக்கு நாலு. ஒன்று 38 ரூபாய் என்றால் நாளுக்கு 152, மாதத்துக்கு 4,560, வருடத்துக்கு 55,480 ரூபாய். காசு போகிறது என்பதைத் தவிர அதில் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. உள்ளே மரக்கூழோடு கலந்திருக்கும் பாலிமர் பொடி, நீரை உறிஞ்சிக் கூழாகக் கெட்டிப்படுத்தி வைத்துக்கொள்கிறது. அதனால் மேலே தோலில் ஈரம் அவ்வளவாகப் படாது. துணியால் இதைச் செய்ய முடியாது. துணி குடிக்கும், ஆனால் பிடித்து வைத்துக்கொள்ளாது. புரண்டு படுத்து அழுத்தினால் திருப்பிக் கக்கும். இந்த ஒரு வித்தியாசத்தைப் புரிந்துகொண்டால் எதை எப்போது போடுவது என்பது தானாகத் தெரியும்.

துணிக்கு எனக்கு ஆன செலவு: டர்க்கித் துண்டு 12, ஒன்று 140 வீதம் 1,680 ரூபாய். அதை வெட்டி, நடுவில் பழைய வேட்டியை நாலு மடிப்பாக வைத்து, 20 பட்டைகள் தைக்க டெய்லருக்குக் கூலி 600. மேலே போடும் நீர்புகாத ஜட்டி நாலு, 2,200. கட்டிலில் விரிக்கும் நீர்புகாத துணி விரிப்பு இரண்டு, 800. மொத்தம் 5,280 ரூபாய்.

வேட்டி விஷயத்தில் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். முதலில் வாங்கிய ஆறு துண்டும் வீண். தொட்டால் பஞ்சு போலிருந்தது, தண்ணீர் ஊற்றினால் தாமரை இலை மாதிரி முத்து முத்தாக உருண்டது. எதிர் வீட்டு அண்ணன் தறி ஓட்டியவர். ஓரத்தில் ஒரு நூலை உருவி தீக்குச்சியில் காட்டினார். சுருங்கி, கறுப்பாக, கடுகு மாதிரி ஒரு குண்டு நின்றது. "இது பாலியஸ்டர் கலப்பும்மா. பருத்தின்னா காகிதம் எரியுற வாசம் வரும், கையில நசுக்குனா சாம்பலாப் போயிடும்" என்றார். இன்னொன்றும் அவர்தான் சொன்னார். புதுப் பருத்தியில் கஞ்சிப் பசை இருக்கும், நாலைந்து தடவை துவைத்துப் போட்டால்தான் தண்ணீர் குடிக்கும். இருபது வருடம் உடுத்தித் துவைத்த கைத்தறி வேட்டிக்கு முன்னால் கடையில் விற்கும் எந்தப் புதுப் பட்டையும் நிற்காது. எங்கள் தெருவில் யார் வீட்டுப் பரணிலும் அப்படி நாலு வேட்டி கிடக்கும்.

பகலில் துணி, ராத்திரிக்கும் ஆஸ்பத்திரி போகும் நாளுக்கும் டயப்பர் என்று வைத்துக்கொண்டோம். மாதத்துக்கு 35 டயப்பர் 1,330 ரூபாய், சோப்புத் தூளும் கரண்டும் 400. ஆக 1,730. மாதம் 2,830 ரூபாய் மிச்சம். போட்ட 5,280 ரூபாய் இரண்டு மாதத்துக்குள் திரும்பிவிட்டது. ஜட்டியின் எலாஸ்டிக் மட்டும் ஒரு வருடம் போனால் தளரும், அதை மாற்ற ஒரு தொகையை ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

ராத்திரியும் துணியே போட்டு அந்த 1,330-ஐயும் மிச்சம் பிடிக்கலாமே என்று ஒரு வாரம் பார்த்தேன். இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் எழுந்து மாற்றினேன். ஒரு நாள் அசந்துவிட்டேன். காலையில் அம்மாவின் இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்திருந்தது. விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்கவில்லை. படுக்கைப் புண்ணின் தொடக்கம் அப்படித்தான் இருக்கும் என்று பிசியோதெரபிக்கு வருகிறவர் சொன்னார். புண் வந்துவிட்டால் டிரெஸ்ஸிங் செலவு எந்த டயப்பர் செலவையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும், அம்மா படும் வேதனையைக் கணக்கில் எழுதவே முடியாது. ராத்திரிக்கு டயப்பர்தான். வயிற்றுப்போக்கு என்றால் பகலிலும் டயப்பர்தான்.

இதே காரணத்துக்காக இன்னொன்றும் சொல்கிறேன். காசு பார்த்து ஒரே டயப்பரைக் காலையிலிருந்து சாயங்காலம் வரை போட்டு வைக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அதைவிட இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் மாற்றும் பழைய வேட்டி ஆயிரம் மடங்கு நல்லது.

துவைப்பது

துணியின் உண்மையான விலை இங்கேதான் இருக்கிறது. தினமும் முக்கால் மணி நேரம். நனைந்ததைக் கழற்றியதும் பச்சைத் தண்ணீரில் அலசி, மூடி போட்ட வாளியில் போடவேண்டும். நாள்கணக்கில் ஊறவிடக்கூடாது. சிறுநீரில் இருக்கும் யூரியாவைக் கிருமிகள் அமோனியாவாக மாற்றும், கண்ணில் எரியும் அந்த நெடி அதுதான். அன்றன்றைக்குத் துவைத்தால் வீட்டில் வாடையே இருக்காது.

எங்கள் போர் தண்ணீர் உப்பு. அதில் சோப்புக் கட்டி போட்டால் நுரைக்காமல் வெள்ளையாகத் திரிந்து துணியில் படியும். பட்டை அப்பளம் மாதிரி விறைத்துப்போகும், பிறகு அது தோலை உரசும். பவுடர் பரவாயில்லை. கடைசி அலசலுக்கு மட்டும் பிடித்து வைத்த குழாய்த் தண்ணீர். வாசனைக்காகவும் மென்மைக்காகவும் ஊற்றும் திரவம் வேண்டாம், அது துணியின் உறிஞ்சும் குணத்தைக் கெடுக்கும். தோல் சிவந்த இடத்தில் போடும் கெட்டியான துத்தநாகக் களிம்பும் துணியில் ஒட்டினால் லேசில் போகாது.

பிளீச்சிங் பவுடர் விஷயத்தில் மிகவும் கவனம். சிறுநீர் ஊறிய துணியில் நேராகக் கொட்டினால் அமோனியாவோடு சேர்ந்து நெஞ்சை அடைக்கும் வாயு கிளம்பும். நன்றாக அலசிய பிறகுதான், அதுவும் கதவைத் திறந்து வைத்து.

முக்கால் மணி நேரம் என்றேன். யாருடைய முக்கால் மணி நேரம்? எங்கள் வீட்டில் முதல் மாதம் முழுக்க என்னுடையது. எனக்குக் கை வெடித்து, கோபம் அம்மா மேல் திரும்ப ஆரம்பித்தபோது தம்பியை உட்காரவைத்துப் பேசினேன். இப்போது திங்கள் முதல் புதன் வரை அவன் துவைக்கிறான். பெற்ற தாயின் துணி, அவனுக்கும் அதில் பங்கு உண்டு. வேலைக்கு வரும் அக்காவிடம் கேட்டபோது மாதம் 2,000 கூடுதலாகச் சொன்னார், நியாயமான கூலிதான். அப்படிக் கொடுத்தால் மிச்சம் 830 ரூபாயாகச் சுருங்கிவிடும். வீட்டில் பங்கு போட ஆள் இல்லை, கூலி கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்றால் துணிக்குப் போவதில் பெரிய லாபம் இல்லை என்றே சொல்வேன். கொடுக்கும்போது கையுறை வாங்கிக் கொடுங்கள். மற்றத் துணியோடு கலந்து, சொல்லாமல் போட்டுவிடாதீர்கள்.

குப்பை பற்றிச் சுருக்கமாக. திடக்கழிவு மேலாண்மை விதிகளில் டயப்பர் சுகாதாரக் கழிவுக் கணக்கில் வருகிறது. தனியாகச் சுற்றிக் கட்டித்தான் கொடுக்கவேண்டும். நாலு டயப்பர் ஒன்றாகக் குறைந்ததும் பை இளைத்ததை எங்கள் தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளரே கவனித்துக் கேட்டார்.

கையில் ஆயிரம் ரூபாய்கூடப் புரளாது என்றால், முதலில் வாங்கவேண்டியது பட்டையும் இல்லை, ஜட்டியும் இல்லை. கட்டிலில் விரிக்கும் நீர்புகாத துணி விரிப்பு இரண்டு. மெத்தை ஒரு தடவை நனைந்து நாறினால் அதற்குப் பிறகு எதுவும் பயன்படாது. ரப்பர் சீட் மலிவு, ஆனால் நம் ஊர் வெயிலில் முதுகு வெந்துபோகும். நடமாட முடியாத ஆண்களுக்குப் படுக்கையிலேயே பிடிக்கும் யூரின் கேன் ஒன்று பாதி டயப்பரை மிச்சப்படுத்தும்.

ஏற்காட்டில் மட்டும் இந்தக் கணக்கு தலைகீழ். அக்கா வீடு அங்கே. வருடத்தில் மூன்று மாதம் அம்மா அவளிடம். சித்திரை வெயிலில் எங்கள் மொட்டை மாடியில் இரண்டு மணி நேரத்தில் மொறுமொறுவென்று காயும் பட்டை, ஏறக்குறைய 5,000 அடி உயரத்தில், ஐப்பசி மூடுபனியில் இரண்டு நாளானாலும் நடுவில் ஈரமாகவே இருக்கும். அரைகுறை ஈரத்தில் போட்டால் அரிப்பும் படையும் நிச்சயம். போன மழைக்கு அக்கா அடுப்பங்கரையில் கொடி கட்டி முயன்று பார்த்துவிட்டு, நாலாம் நாள் டயப்பருக்கே திரும்பினாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் சரி.

அதனால் இந்த வருடம் பையைப் பிரித்துக் கட்டினேன். தடிமனான டர்க்கிப் பட்டைகள் அம்மாப்பேட்டையிலேயே இருக்கட்டும். மலைக்குத் தைக்காத வேட்டித் துண்டுகள் மட்டும். மடித்து உள்ளே வைக்கலாம், உதறி விரித்தால் ஒற்றைத் துணி, பனியிலும் ஓரளவு காய்ந்துவிடும். கூடவே டயப்பர் ஆறு பாக்கெட். விலைச் சீட்டை மட்டும் கிழித்துவிட்டு வைத்தேன்.