அமிகுருமி கிட் வாங்கப் போறீங்களா? படத்துல ஊசி முனையைப் பாருங்க

அக்கா மகளுக்கு ரெண்டாவது பிறந்தநாள். நாமே ஒரு யானை பின்னிக் கொடுப்போமே என்று ஆசை. ஆன்லைனில் ஒரு பக்கத்தில் 'முதல் முறை பின்னுபவர்களுக்கு' என்று அமிகுருமி கிட் விற்றார்கள். அமிகுருமி என்றால் குரோஷா, அதாவது ஒற்றைக் கொக்கி ஊசியில் பின்னிப் பஞ்சு அடைக்கிற குட்டி பொம்மை. நூல், ஊசி, கண், பஞ்சு, பின்னும் முறை எழுதிய பேட்டர்ன் பிடிஎஃப், எல்லாம் சேர்த்து 899 ரூபாய். கேஷ் ஆன் டெலிவரி கிடையாது, முழுப் பணமும் முன்னாடியே யுபிஐயில். அங்கேயே உறைத்திருக்கணும். யானை அவ்வளவு அழகு, உறைக்கவில்லை.

பத்து நாள் கழித்து வந்த நூல், ஊசி பட்டாலே இழை இழையாகப் பிரிந்தது. திருப்பூரில் உட்கார்ந்துகொண்டு நூலை ஆன்லைனில் வாங்கிய புத்திசாலி நான்.

மேஜிக் ரிங் என்கிற ஆரம்ப வளையத்தில் 6 கண்ணி, அப்புறம் 12, 18, 24. நன்றாகத்தான் போனது. ஐந்தாவது ரவுண்டில் 'மூன்று சிங்கிள், ஒரு இன்கிரீஸ், ஆறு தடவை, மொத்தம் 36' என்று இருந்தது. சிங்கிள் என்றால் ஒரு கண்ணியில் ஒன்று, இன்கிரீஸ் என்றால் ஒரே கண்ணியில் ரெண்டு. எண்ணினால் 30. பிரித்துப் போட்டேன், 30. மூன்றாவது தடவை ஒவ்வொரு இன்கிரீஸிலும் ஊக்கு மாட்டி எண்ணினேன். அதே 30. சரி போகட்டும் என்று அடுத்த ரவுண்டுக்குப் போனால் 'ஐந்து சிங்கிள், ஒரு இன்கிரீஸ், ஆறு தடவை'. ஐந்தாவது தடவையிலேயே ரவுண்டு முடிந்துவிட்டது. எனக்குத்தான் கை வரவில்லை என்று ரெண்டு ராத்திரி அழாத குறை.

எதிர்வீட்டு அத்தை பல வருஷமாக குரோஷா போடுபவர். போனை வாங்கிப் பார்த்தார். "மூணு, இன்கிரீஸுக்கு ரெண்டு, ஆக அஞ்சு. ஆறஞ்சு முப்பதுதானே அம்மணி? நடுவுல ஒரு ரவுண்டையே முழுங்கிட்டானுங்க." தும்பிக்கைக்கான பக்கமே பிடிஎஃப்பில் இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. பிறகு விளம்பரப் படத்தைப் பெரிதாக்கி, "இந்த ஊசியப் பாரு" என்றார். யானை பக்கத்தில் வைத்திருந்த குரோஷா ஊசிக்கு முனையில் கொக்கியே இல்லை. பென்சில் மாதிரி மொழுக்கென்று இருந்தது. ஒரு காது குரோஷா, இன்னொரு காது ரெண்டு ஊசியில் போடுகிற நிட்டிங். ஏஐ போட்ட படம். அந்த யானையை யாரும் பின்னியதே இல்லை.

எனக்கு நிஜமாக ஆத்திரம் வந்தது கண்ணைப் பார்த்துத்தான். சேஃப்டி ஐ என்றால் பின்னால் தண்டு இருக்கும், உள்பக்கம் அழுத்தி மாட்ட வாஷர் இருக்கும். வந்தது பசை தடவி ஒட்டுகிற வெறும் மணி. குழந்தை பிய்த்து வாயில் போட்டிருந்தால்? வாஷர் இருந்தாலுமே மூன்று வயதுக்குள்ளான பிள்ளைகளுக்குக் கண்ணை நூலால் தைத்துவிடுவதுதான் சரி என்றார் அத்தை.

பணத்தைக் கேட்டதற்கு 'டிஜிட்டல் பொருளுக்கு ரீஃபண்ட் இல்லை சிஸ்' என்று ஒரு பதில். நூலும் ஊசியும் எப்போது டிஜிட்டல் ஆனதோ! அப்புறம் பிளாக். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குக் கூப்பிட்டுப் புகார் கொடுத்திருக்கிறேன். பணம் இன்னும் வரவில்லை.

நீங்கள் வாங்குவதாக இருந்தால், பின்னிய பொம்மையின் அடிப்பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பொம்மை கையில் இருப்பவருக்கு அது ரெண்டு நிமிஷ வேலை.

பிறந்தநாளுக்குத் தலை மட்டும்தான் தயாரானது. காது இல்லை, தும்பிக்கை இல்லை. அவள் அதை லட்டு என்கிறாள்.