304 என்று சொல்லி விற்ற போல்ட்: 23,850 ரூபாய் போச்சு

304 என்பது எளிதில் துரு பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஒரு ரகம். அந்த ரகம் என்று சொல்லி எனக்கு வேறு போல்டை விற்ற கடைக்கு இன்று காலைதான் கடைசியாக ஒரு தடவை போய்விட்டு வந்தேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் 'விடு, போகட்டும்' என்று எனக்கே தோன்றிவிடும்.

காரைக்குடிப் பக்கம் எங்கள் பெரிய வீடு, ஐந்து பங்காளிகளுக்குப் பொது. இரண்டாம் கட்டில், அதாவது வீட்டின் உள்பகுதியில், முற்றத்தைச் சுற்றியுள்ள கூரை ஒழுகியது. ஓடுகளைப் பிரித்துவிட்டு, பழைய பர்மாத் தேக்குத் தூண்களை அப்படியே வைத்து, மேலே புதுச் சட்டம் கொடுத்து ஷீட் போடுவதாக முடிவு. ஊரில் இருப்பவன் நான் ஒருவன்தான், சாமான் வாங்கும் வேலை என் தலையில் விழுந்தது. ஆசாரி ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "ஐயா காலத்துத் தூணுண்ணே. ஓட்டை ஒரு தடவைதான் போடலாம். நல்ல போல்டா வாங்கிக் குடுத்துருங்க."

போனது பெட்டிக்கடை இல்லை. நாலு பேர் வேலை பார்க்கும் பெரிய ஹார்டுவேர் கடை. வெயில் மழையில் நிற்கிற வேலை, துரு பிடிக்கக் கூடாது என்றேன். முதலாளியே எழுந்து வந்தார். ஒரு போல்டை எடுத்து அதன்மேல் காந்தத்தை வைத்தார். ஒட்டவில்லை. "பாத்தீங்களாண்ணே, அசல் 304. உங்க பேரன் காலத்துலயும் அப்படியே இருக்கும்." டீ வேறு வந்தது. அந்தக் காந்தத்தில்தான் நான் விழுந்தேன்.

12 எம்எம் கனம், ஆறு இஞ்சு நீளம், நட்டும் இரண்டு வாஷரும் சேர்த்து செட் 132 ரூபாய் 50 காசு. 180 செட். ஆக 23,850 ரூபாய். "ஜிஎஸ்டி பில் போட்டா 18 சதவீதம் சேரும், எஸ்டிமேட்ல போட்டுரவா?" என்றார். 4,293 ரூபாய் மிச்சம் என்று மனசு கணக்குப் போட்டது. சரி என்றேன். இது என் தப்புதான், மறைக்கவில்லை.

ஆவணியில் வேலை முடிந்தது. ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் மழை. மார்கழியில் ஒரு நாள் காலை வெளிச்சத்தில் பார்க்கிறேன், ஒவ்வொரு போல்ட் தலைக்குக் கீழேயும் டீ வடிந்த மாதிரி ஒரு கோடு. விரலால் தேய்த்தால் செம்மண் போல் ஒட்டுகிறது. வாஷரைச் சுற்றி மரத்தில் கறுப்பு வளையம். தேக்கின் துவர்ப்பும் துருவும் ஈரத்தில் சேர்ந்தால் மை மாதிரி கறுத்துவிடும், துடைத்துப் போகாது. கீழே தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் சொட்டுச் சொட்டாக மஞ்சள் கறை. ஆசிட் ஊற்றலாமா என்றால் அது சிமெண்டில் செய்த கல், கறையோடு அதன் பூவேலையும் போய்விடும்.

புகார் சொல்லப் போன முதல் நாள் கடையில் சொன்ன பதில்: "பொங்கல் கழிச்சு வாங்கண்ணே." கழித்துப் போனேன். "கம்பெனிக்காரன் வரட்டும்." அவன் எந்தக் கம்பெனி என்று இன்றுவரை தெரியாது. வாட்ஸப்பில் பதினோரு போட்டோ அனுப்பினேன், நீல டிக் மட்டும் வந்தது. மூன்றாவது தடவை போனபோது, "உப்புக் காத்துண்ணே, அதான்." காரைக்குடியில் உப்புக் காற்றாம்! கடல் தொண்டியில் கிடக்கிறது.

அப்புறம் நானே சோதனைத் திரவம் வரவழைத்தேன். போல்டின் மேல் ஒரு சொட்டு விட்டு, அதோடு வரும் பேட்டரியை வைத்தால் மாங்கனீசு அதிகமுள்ள 202 ரகத்தில் சிவக்கும். சிவந்தது. மூன்று போல்டில் போட்டேன், மூன்றிலும் சிவந்தது. 202-இல் நிக்கல் குறைவு, விலையும் குறைவு, வெளி வேலைக்குத் தாங்காது. 202-இலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது, 304-இலும் அப்படித்தான். அதாவது அன்றைக்கு அவர் காட்டியது ஒன்றுமே இல்லை. இன்று காலை அவர் கண்ணெதிரே சொட்டு விட்டுக் காட்டினேன். "அந்தத் தண்ணிய நம்புறீங்க, என்னைய நம்ப மாட்டீங்களா? சரி, பில்லக் காட்டுங்க." என்னிடம் இருப்பது 'போல்ட் 180' என்று மட்டும் எழுதிய துண்டுச் சீட்டு. நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. எந்த முகத்தோடு கூப்பிடுவது?

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், மனசு ஓடவில்லை. போல்ட் தலையைப் பாருங்கள். முறையாகச் செய்த 304-இல் ஏ2-70 என்று பொறித்திருக்கும், அதைவிட உயர்ந்த 316 ரகத்தில் ஏ4 என்று. என்னுடையதெல்லாம் மொட்டைத் தலை. கடலோரத்தில் வீடு என்றால் 316 கேளுங்கள். ஜிஐ, அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு, வாங்கினால் உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்ததாக வாங்குங்கள். பளபளவென்று இருப்பது மெல்லிய மின்முலாம், அது ஒரு மழைக்காலம்கூடத் தாங்காமல் போகலாம். பில்லில் '304' என்று எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் டீயைக் குடிக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.

180 போல்டையும் கழற்றி மாட்ட ஆசாரி தனிக் கூலி கேட்கிறார், நியாயம்தான். மாசியில் முன்னோர் வழிபாடான படைப்புக்குப் பங்காளிகள் எல்லாரும் வருவார்கள். பங்குக்கு 4,770 ரூபாய் வீதம் வாங்கியிருக்கிறேன். நேற்று ராத்திரி பங்காளிகளின் வாட்ஸப் குழுவில் ஒருத்தர் கணக்குக் கேட்டிருக்கிறார். அந்தத் துண்டுச் சீட்டைத்தான் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும்.